இரண்டு சாட்சி, ஒரு தாள்

இங்கே நான் எழுத எடுத்துக்கொண்ட மனிதரைப் பற்றி எனக்குத் தெரிந்தவை பல. எழுதத் தகுந்தவை சில. என் கண்ணால் கண்டதை எழுதுகிறேன். பிறர் சொன்னதாயின், தம்முள் கலந்து பேசாத இருவர் அதையே சொல்லியிருந்தால் எழுதுகிறேன். எஞ்சியவற்றுள் மிக நல்ல கதைகள் இருந்தன, மனமில்லாமல் விட்டேன். இந்தக் கட்டுப்பாடு அவரிடமிருந்து எனக்குத் தொற்றியது. அவரைப் பற்றிய குறிப்பில் ஆதாரமற்ற வரி ஒன்று நுழைந்தால், அதன் ஓரத்தில் மெல்லிய பென்சிலால் ஒரு கேள்விக்குறி தானே விழுந்துவிடும் என்ற அச்சம் எனக்கு இன்னும் நீங்கவில்லை.

பெயரையும் எழுதவில்லை. ஹங்கேரியர் குடும்பப் பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் வைப்பர். ஆங்கிலேயர் அதைத் திருப்பிப் போடுவர். அவர் பெயர் நான் கண்ட தாள்களில் இருவிதமாகவும் இருந்தது. எது முன், எது பின் என்று கேட்டுக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. எங்கள் தமிழ்ப் பள்ளியினர் அவரைச் ‘சுவர்க்காரர்’ என்று அழைத்தனர். இதற்கு நான் உட்படச் சாட்சிகள் அநேகர்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவரும் அவரைச் சேர்ந்தோரும் எங்கள் முன்னிலையில் பேசியது ஆங்கிலத்தில். நான் அதை யாழ்ப்பாணத்துப் பேச்சில் தருகிறேன். எனக்குப் பேச வரும் தமிழ் அது ஒன்றே.

ஹரோவில், மெட்ரோபொலிட்டன் ரயில்பாதைக்குப் பின்புறத்துத் தெரு ஒன்றில், ஹங்கேரியர் சங்கத்துக்கு ஒரு மண்டபம் இருந்தது. சனிக்கிழமை முற்பகலில் எங்கள் பள்ளி அங்கே நடக்கும். பிற்பகலில் அவர்களுடைய மொழி வகுப்பும் நடனப் பயிற்சியும். எங்கள் பிள்ளைகள் கரும்பலகையில் எழுதிய உயிரெழுத்துகள் அழிவதற்குள், அவர்களுடைய இளைஞர்கள் நீண்ட சப்பாத்துகளை மாட்டிக்கொண்டு தொடையிலும் குதிகாலிலும் தட்டத் தொடங்கிவிடுவார்கள். மேடைக்கு அடியிலுள்ள அலுமாரியில் எங்கள் குத்துவிளக்கும் அவர்களுடைய சப்பாத்துகளும் அடுத்தடுத்து இருந்தன. இதனால் எவருடைய தெய்வமும் கோபித்ததாகத் தகவல் இல்லை.

மண்டபத்தின் நீண்ட சுவர் முழுவதும் சட்டமிட்ட படங்கள். மேல்வரிசையில் உலகறிந்தவர்கள்: உருளைமுனைப் பேனாவைக் கண்டுபிடித்தவர், மிளகாய்ப்பழத்திலிருந்து உயிர்ச்சத்தைத் திரட்டியவர், பிள்ளைகள் திருகித் திருகிப் பார்க்கும் வண்ணக் கனசதுரத்தை ஆக்கியவர். எல்லாரும் ஹங்கேரியர். கீழ்வரிசைகளில் லண்டனுக்கு வந்து குடியேறிய அவர்களுடைய சொந்த மனிதர்கள்: பள்ளிப் பிள்ளைகளுக்கு வாள்வீச்சுப் பழக்கியவர், கேக் கடை வைத்தவர், பல் வைத்தியர், நடனம் பயிற்றியவர். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு பித்தளைத் தகடு; தகட்டில் ஒரே ஒரு வரி. அந்தச் சுவர் சுவர்க்காரரின் பொறுப்பு. எழுபது வயதைக் கடந்தவர், ஒல்லியானவர், சட்டைப் பையில் திருகாணி முடுக்கியும் பென்சிலும் வைத்திருப்பார். சுவரேறுவதற்கு அவர் வகுத்த விதி எளியது: உறவினரல்லாத இரண்டு சாட்சி, எழுத்தில் ஒரு தாள்.

நாங்கள் அங்கே வந்த முதல் வாரமே அந்த விதி எங்கள்மீதும் பாய்ந்தது. பள்ளித் தலைவரை எல்லாரும் தலைவர் அண்ணை என்போம். அவர் வாசலில் ஒரு பதாகை கட்டினார்: ‘ஐரோப்பாவின் முதன்மைத் தமிழ்ப் பள்ளி.’ சுவர்க்காரர் ஏணியோடு வந்து நின்று, பொருள் கேட்டார். நான் சொன்னேன்.

“முதன்மை எண்டால் எல்லாருக்கும் முன்னுக்கு நிக்கிறதோ?”

“ஓம்.”

“அப்ப ரெண்டாவது ஆர்?”

தலைவர் அண்ணை என்னைப் பார்த்தார். நான் பதாகையைப் பார்த்தேன்.

“ரெண்டாவது ஆரெண்டு தெரியாமல் முதலாவதை எப்பிடிப் பிடிச்சனீங்கள்?”

“ரீச்சர், இந்த மனுசனுக்கு விசரோ?” என்றார் தலைவர் அண்ணை, தமிழில்.

“என்ன சொல்லுறார்?” என்று கேட்டார் சுவர்க்காரர்.

“நல்ல கேள்வியாம், யோசிக்கிறாராம்,” என்றேன். அவரிடம் நான் சரிபாராமல் ஒப்படைத்த செய்தி அது ஒன்றுதான். அடுத்த சனிக்கிழமை பதாகையில் ‘ஹரோவில் ஒரு தமிழ்ப் பள்ளி’ என்றிருந்தது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. பல ஆண்டுகளில் நாங்கள் எழுதிய வாக்கியங்களுள் பிழையில்லாதது அதுவாகவே இருக்கக்கூடும்.

தம் இனத்தாரிடமும் அவர் இரக்கம் காட்டவில்லை. வெம்பிளி எங்களுக்கு அடுத்த ஊர். ஐம்பத்துமூன்றாம் ஆண்டில் அங்கேதான் ஹங்கேரியர் இங்கிலாந்தைக் கால்பந்தில் ஆறுக்கு மூன்றாக வென்றனர்; அந்த ஆட்டத்தைப் பற்றி அவர்கள் பேசும்போது நேற்று மாலை முடிந்தது போலிருக்கும். சங்கத்து முதியவர் ஒருவர் ஒரு விருந்தில் எழுந்து, தாம் அன்று இலக்குக் கம்பத்துக்குப் பின்னாலே நின்று பார்த்ததாகக் கண்ணீர் மல்கச் சொன்னார். கைதட்டல் ஓயுமட்டும் சுவர்க்காரர் காத்திருந்தார்.

“நீங்கள் எந்த வருசம் லண்டனுக்கு வந்தனீங்கள்?”

“ஐம்பத்தாறு, புரட்சியை நசுக்கின வருசம். எல்லாரையும் போலத்தான். எல்லையைக் கடந்து, நடந்து.”

“ஆட்டம் ஐம்பத்துமூண்டில.”

முதியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஓம். அப்ப நான் பின்னுக்கு நிண்டது கொஞ்சம் தூரத்திலதான்,” என்றார். மண்டபம் அதிர்ந்தது. சுவர்க்காரரும் சிரித்தார், ஆயினும் பென்சிலை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

எங்கள் ஆண்டுவிழாவுக்கு வந்த பேச்சாளரை ‘உலகப் புகழ்’ என்று அறிமுகப்படுத்திப் பொன்னாடை போர்த்தினோம். முன்வரிசையிலிருந்த சுவர்க்காரர் என் காதருகே குனிந்து, “எந்தெந்த நாடு?” என்றார். நான் கேள்வியைத் தலைவர் அண்ணையிடம் கடத்தினேன். அவர் மேடையைவிட்டு முகம் திருப்பாமலே, “ரெண்டு நாடு கட்டாயம். கனடாவில அவரின்ரை மச்சான் இருக்கிறார்,” என்றார்.

சுவர்க்காரருடைய பாராட்டும் இந்த அளவுகோலுக்கு உட்பட்டதே. சங்கத்துச் சமையலறையை ஆண்டவர் எண்பது கடந்த ஓர் அம்மையார். ஹங்கேரிய மொழியில் மூத்த பெண்களை ‘நேனி’ என்பர். எங்கள் பிள்ளைகளும் அப்படியே அழைத்தனர். கசகசாவை அரைத்து உள்ளே சுருட்டிய அவருடைய ரொட்டியை உண்பதற்கென்றே எங்கள் தாய்மார் சிலர் பிற்பகல்வரை தங்குவர். ஒருநாள் நேனி அவரை மடக்கினார்.

“சொல்லு, எப்பிடி?”

“இண்டைக்குத் திண்டதுகளில இதுதான் திறம்.”

“இண்டைக்கு வேற என்ன திண்டனீ?”

“ஒண்டும் இல்லை.”

நேனி துவாலையால் அவர் முதுகில் ஓர் அடி வைத்தார். எங்கள் பிள்ளைகளிடமிருந்து நேனி கற்ற தமிழ் ஒரே சொல், ‘ஓம்.’ அதை அவர் எல்லாவற்றுக்கும் சொல்வார், மறுப்பதற்கும்.

இவ்வளவும் விளையாட்டாகத் தோன்றும். ஆனால் சுவரில் அங்கங்கே வெளிறிய நீள்சதுரங்கள் இருந்தன. அவை அவர் கழற்றிய படங்களின் தடங்கள். லண்டன் பாலம் ஒன்றை வடிவமைத்ததாக நெடுங்காலம் போற்றப்பட்ட ஒருவர், வரைந்தது பாலத்தின் கைப்பிடியை மட்டுமே என்று அவர் கண்டறிந்தார். ‘கைப்பிடியை வரைந்தவர்’ என்று புதிய தகடு அடித்துப் படத்தை மீண்டும் மாட்டினார். அந்த மனிதரின் மகள் இரண்டு ஆண்டுகள் மண்டபத்துப் பக்கம் வரவில்லை. ஏன் இப்படி என்று நான் கேட்டபோது சுவர்க்காரர், “கைப்பிடி இல்லாத பாலத்தில நீங்கள் நடப்பியளோ?” என்றார். அது நல்ல விடைதான். மகளுக்கு அந்த விடையை அவர் சொன்னாரா என்று கேட்டேன். “அவ கேக்கேல்லை,” என்றார்.

இனி நேனியின் கணவரின் படம். அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தகட்டிலிருந்த வரி: ‘லண்டன் பேரரங்கில் பாடியவர்.’ நேனி ஒவ்வொரு சனிக்கிழமையும் பேருந்தில் வந்து இறங்கியதும், மேலங்கியைக் கழற்றுமுன், சுவரருகே சென்று அந்தக் கண்ணாடியைத் தம் சட்டைக் கையால் துடைப்பார். அதன் பிறகே அடுப்புக்குப் போவார்.

ஒரு தை மாதம் சுவருக்கு வர்ணம் பூசுவதென்று சங்கம் முடிவுசெய்தது. படங்கள் எல்லாம் இறங்கின. இதுதான் தருணமென்று சுவர்க்காரர் அறிவித்தார்: பழைய படங்களும் சான்று பார்த்த பின்னரே ஏறும். மார்ச் பதினைந்து அவர்களுடைய தேசிய நாள். அன்று எல்லாரும் சிவப்பு, வெள்ளை, பச்சை நாடாவில் செய்த சிறு பூவை இடப்பக்க நெஞ்சில் குத்திக்கொண்டு மண்டபத்தில் கூடுவர். அதற்குள் விசாரணை முடியவேண்டும்.

நேனி சண்டையைக் கட்டாயம் ஆங்கிலத்தில் போடுவார், பார்ப்பவர்களுக்கு விளங்கவேண்டுமாம். நாங்கள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது அது நடந்தது.

“படத்தைக் கழட்டிப்போட்டியாம்?”

“எல்லாற்றையும் கழட்டினனான்.”

“திரும்ப மாட்டுவியோ?”

“விசாரிச்சுப்போட்டு.”

“அப்ப என்னை விசாரி. கேள்.”

“நீங்கள் அவரைக் கட்டின மனுசி. உறவினர் சாட்சியில்லை.”

நேனி மாவுக் கையை மேலாடையில் துடைத்தார். “பதினைஞ்சாம் திகதி அந்த முகம் சுவரில இல்லாட்டி, நான் இந்தக் குசினிக்குள்ள காலடி வைக்கமாட்டன். நீங்கள் எல்லாரும் கடையில வாங்கித் தின்னுங்கோ.”

ரொட்டி போய்விடும் என்பது எங்களுக்கு வருத்தம். ஆனால் சங்கத்தார் அஞ்சியது வேறொன்று. நேனிக்குப் பிள்ளைகள் இல்லை. வாரத்தில் அவர் வெளியே வருவது அந்த ஒரு நாள். அந்தச் சுவரும் அந்தச் சமையலறையும் போனால் அவர் வீட்டைவிட்டு வருவதற்குக் காரணமே இராது. செயற்குழுவினர் மூவர் சுவர்க்காரரிடம் தூது வந்தனர்: ஒரு வரிதானே, யாருக்கு நட்டம்? அவர் ஏணியின் மேலேயிருந்து சொன்னார்: “இதை விசாரிக்காமல் மாட்டினால், பேனாக்காரரையும் சனம் நம்பாது.”

பேரரங்கில் அன்று பாடியது சங்கத்தின் சேர்ந்திசைக் குழு. அதில் பாடியவர்களுள் உயிரோடிருந்தவர் ஒரே ஒருவர், குரோய்டனில் ஒரு முதியோர் இல்லத்தில். “நீங்கள் ஹங்கேரியருமில்லை, பாடகருமில்லை. கூட வாங்கோ,” என்று சுவர்க்காரர் என்னை அழைத்தார். ரயிலில் சென்று டிராம் ஏறினோம். வழியில், அகதி விண்ணப்பங்களை விசாரித்த அந்தப் பெரிய அலுவலகக் கட்டடம் தெரிந்தது. ஒரு காலத்தில் கோப்பைக் கட்டிப்பிடித்தபடி நான் அதன் உள்ளே அமர்ந்திருந்தேன். எங்கள் வீடு எரிந்ததை நான் சொன்னேன். எரிந்ததற்குக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார்கள். கடிதமும் வீட்டோடு எரிந்துபோயிருந்தது. பதில் வர இரண்டு ஆண்டுகள் ஆயின.

இதை அவருக்குச் சொல்லி, “உண்மைக்குத் தாள் இல்லாட்டி என்ன செய்யிறது?” என்று கேட்டேன். குரலில் சற்றுக் காரம் இருந்திருக்கவேண்டும்.

“அந்த அலுவலகக்காரர் உங்களைத் தேடச் சொல்லிச்சினம்,” என்றார். “நான் ஆரையும் தேடச் சொல்லுறதில்லை. நானே தேடப் போறன். இப்ப போய்க்கொண்டிருக்கிறம் தானே?” அந்த விடையில் எனக்கு முழு நிறைவில்லை. ஆனால் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது.

முதிய பாடகர் தொண்ணூறை எட்டியவர். உச்சக்குரல் பாடியவராம், படுக்கையிலும் மேடையில் நிற்பவர்போல் நாடியை உயர்த்தி வைத்திருந்தார். தாதிக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்திலேயே பேசினார்.

“அவனோ? பாடினவனோ?” அவர் சிரித்ததில் தாதி தண்ணீர்க் கோப்பையை விலக்கி வைத்தார். “அவன் எங்கட வான் வண்டி ஓடினவன். அவனுக்குக் குரல் கதவுக் கீல் மாதிரி. அண்டைக்குப் பின்வரிசையில ஒருத்தனுக்குக் காய்ச்சல். நாற்பது பேர் நிக்கவேண்டிய இடத்தில முப்பத்தொன்பது நிண்டால் பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும் எண்டு சொல்லி, எங்கட இசை நடத்துநர் அவனுக்குக் கோட்டைப் போட்டு ஏத்தினார். வாயைத் திற, சத்தம் வரப்படாது எண்டு கட்டளை.”

“ஒரு சத்தமும் வரேல்லையோ?”

“நான் பாடேக்கை வேற ஆரின்ரையும் குரல் எனக்குக் கேக்கிறதில்லை,” என்றார் பாடகர், மிகுந்த கண்ணியத்துடன்.

திரும்பும் வழியில் சுவர்க்காரர் கணக்குப் போட்டார். ஒரு சாட்சி கிடைத்தது. அது படத்துக்கு எதிரான சாட்சி. இன்னொரு சாட்சியுமில்லை, தாளுமில்லை. நிகழ்ச்சித் தாளில் அச்சான பெயர் காய்ச்சற்காரருடையது. பதினைந்தாம் திகதிக்கு ஒரு வாரமே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அவர் சமையலறைக்குள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். நேனி உப்பு ரொட்டிக்கு மாவை வட்டமாக வெட்டிக்கொண்டிருந்தார். நான் அடுப்பருகே நின்றேன்.

“அவர் பாடேல்லை,” என்றார் சுவர்க்காரர். “வாயைத்தான் அசைச்சவர்.”

நேனி வெட்டுவதை நிறுத்தவில்லை. “ஓம்,” என்றார், தமிழில். பிறகு, “எனக்குத் தெரியும். நான் மூண்டாவது வரிசையில இருந்தனான்.”

“என்ன?”

“நாற்பது வாய் ஒண்டாத் திறக்குது. ஒரு வாய் மட்டும் மற்றதெல்லாம் மூடேக்கை திறக்குது. நான் சிரிச்ச சிரிப்பில பக்கத்தில இருந்த மனுசன் எழும்பிப் போயிட்டான். முடிஞ்ச பிறகு, அந்த வாய்க்காரன் ஆரெண்டு பாக்கப் போனனான். அவன்தான் வானில என்னை வீட்டில கொண்டுபோய் விட்டவன்.”

“ஏன் இதை எனக்குச் சொல்லேல்லை?”

“நீ கேக்கேல்லை. மனுசி சாட்சியில்லை எண்டனீ.” நேனி கத்தியை நீட்டினார். “அண்டைக்கு நான் அவனுக்கு மனுசியோ? அண்டைக்கு நான் அவனுக்கு ஆர்?”

அவர் வாய் திறந்தது, ஒலி வரவில்லை. லண்டனின் வடக்கிலிருந்து தெற்கு மூலைவரை டிராம் ஏறித் தேடிய மனிதர், பதினைந்து அடி தூரத்தில் மாப் பிசைந்துகொண்டிருந்தவரைக் கேட்காமல் விட்டிருந்தார். அவருடைய விதியே அவரைத் தடுத்திருந்தது. அவர் பென்சிலை எடுத்தார், வைத்தார், மறுபடியும் எடுத்தார்.

“நிகழ்ச்சி நடந்த நேரத்தில உறவில்லை,” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். “செல்லும். ரெண்டாவது சாட்சி.” பிறகு, மிகவும் தயங்கி, “ஆனால் தாள்…” என்றார்.

நேனி கையைக் கழுவித் துடைத்து, தம் கைப்பையிலிருந்து சமையற் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். அதன் நடுவிலிருந்து மஞ்சளித்த ஒரு சீட்டு வந்தது. அன்றிரவு பேரரங்கின் பின்தெருவில் நிறுத்தக்கூடாத இடத்தில் நின்ற வானின் கண்ணாடியில் செருகப்பட்ட அபராதச் சீட்டு. நாள், நேரம், தெரு, வண்டி எண்; பின்புறத்தில், அபராதம் கட்டியபோது நிரப்பிய ஓட்டியவர் பெயர்.

“அவன் எனக்கு ஒரு கடிதமும் எழுதினதில்லை,” என்றார் நேனி. “இதைப் பொலிஸ் எழுதித் தந்தது. நான் வைச்சிருந்தனான்.”

சுவர்க்காரர் அந்தச் சீட்டை இரு கைகளாலும் வாங்கினார். ஒருமுறை படித்தார், திருப்பிப் பின்புறத்தையும் படித்தார். “அப்ப அந்த வரியை மாத்த வேண்டி வரும்,” என்றார். அவர் குரல் இவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. “பாடினவர் எண்டு போடேலாது.”

“வரி உனக்கு. முகம் எனக்கு,” என்றார் நேனி. “ஆனால் ஒண்டு. கடைசி அடியில அவன் பாடினவன். கட்டளையை மறந்துபோனான். எனக்குக் கேட்டது. நாற்பது குரலுக்குள்ள ஒரு கதவுக் கீல் கேக்காதோ?”

“அதுக்கு நீங்கள் ஒராள்தான் சாட்சி.”

“ஓம்,” என்றார் நேனி. இம்முறை அது சம்மதமா மறுப்பா என்பது எனக்கு விளங்கவில்லை.

மார்ச் பதினைந்தாம் திகதி புதிய வர்ணத்தின்மேல் அந்தப் படம் இருந்தது. தகட்டில்: ‘லண்டன் பேரரங்கின் மேடையில் நின்றவர்.’ நெஞ்சில் நாடாப்பூக் குத்தியவர்கள் வரிசையாக வந்து வாசித்தனர். படத்தின் அருகே நேனி நின்று, நாற்பது வாய்களின் கதையை ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சொன்னார்; வாய் எப்படித் தவறித் திறந்தது என்று செய்தும் காட்டினார். கைப்பிடி வரைந்தவரின் மகளும் அந்தக் கூட்டத்தில் நின்று சிரித்ததை நான் கண்டேன். அன்று சமையலறையிலிருந்து ஏழு தட்டு ரொட்டி வந்தது. எண்ணியது நானும் தலைவர் அண்ணையும்.

அந்தத் தகட்டில் வரியின் கீழே இன்னொரு வரிக்குரிய இடம் வெறுமையாக இருந்தது. மற்றத் தகடுகளில் அப்படியில்லை, அளந்து பார்த்தேன். அடுத்த ஆண்டு எங்கள் பள்ளி வேறு கட்டடத்துக்கு மாறிவிட்டது. சுவர்க்காரர் இப்போது எங்கே இருக்கிறார் என்று மூவரைக் கேட்டேன். மூவரும் வெவ்வேறு ஊர் சொன்னார்கள். ஆகவே எழுதவில்லை. தகட்டில் அந்த வெற்றிடத்தை அவர் வேண்டுமென்றே விட்டாரா, தகடு வெட்டியவர் அளவில் தவறினாரா, தெரியவில்லை. நேனியின் கணவர் அன்று கடைசி அடியைப் பாடினாரா என்பதும் தெரியவில்லை.